நடுவுல ஒரு ஏழு மாசம்

முதல்லயே சொல்லிடறேன், இந்த எபிசோட்ல ஒரு நாய் சாகும். சமீபத்துல வீட்ல யாரையாவது இழந்திருக்கீங்கன்னா, நாலு கால் உள்ளவங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன், இதை அப்புறமா கேளுங்க. ட்ரெயின்ல போய்ட்டே கேக்கறவங்க ஜன்னல் சீட் பிடிச்சுக்கோங்க.

போன மாசம் நாய்களை ஃபாஸ்டர் பண்றதைப் பத்தி கொஞ்சம் பேசினேன் இல்லையா, அதுக்கு வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "வளர்த்துட்டு எப்படிக் குடுக்கறீங்க?" இதுக்கு நாங்க எல்லாரும் ஒரு பதில் ரெடியா வெச்சிருப்போம். ஒண்ணைக் குடுத்தாத்தான் அடுத்ததுக்கு இடம் இருக்கும். அது உண்மைதான். ஆனா நான் குடுத்த நாய் இன்னொருத்தர் வீட்ல செத்துப்போனா, அந்த அழுகை யாரோடது? அதை யாரும் கேக்கறதில்ல. எனக்கு அது நடந்துச்சு, அதனால பேசறேன்.

அவன் ஒரு ராஜபாளையம். இந்த இனத்தைத் தெரியாதவங்களுக்கு: நல்ல வெள்ளை, உயரம், மூக்கு மட்டும் ரோஸ் கலர்ல இருக்கும். தென் மாவட்டத்துல காவலுக்கும் காட்டுப்பன்னி வேட்டைக்கும் வளர்த்த நாய். 2005-ல தபால் துறை நாலு இந்திய நாய் இனங்களுக்கு ஸ்டாம்ப் போட்டாங்க, அதுல இதுவும் ஒண்ணு. 2017 ஜல்லிக்கட்டு போராட்டத்துக்கு அப்புறம் நம்ம பசங்களுக்கு நாட்டு மாடு, நாட்டுக் கோழி, நாட்டு நாய்னு ஒரு பாசம் வந்துச்சு. 2020 ஆகஸ்ட்ல பிரதமர் ரேடியோவுல பேசறப்போ ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பைன்னு பேர் சொன்னார். லாக்டவுன் வேற. எல்லாரும் வீட்ல சும்மா இருந்த நேரம். நிறைய பேர் குட்டி வாங்கினாங்க.

எங்க பக்கத்துத் தெரு வீட்லயும் வாங்கினாங்க. நாங்க அப்போ மடிப்பாக்கத்துல ரெண்டாவது மாடியில வாடகைக்கு இருந்தோம். எங்க பால்கனியிலேருந்து பாத்தா அவங்க மொட்டை மாடி தெரியும். அந்த வீட்டுப் பையன் பத்தாவது. அவன் ஆசைப்பட்டுத்தான் வாங்கிக் குடுத்தாங்க. டைகர்னு பேர். முதல் சில மாசம் பையனும் குட்டியும் மாடியில ஓடறதைப் பாத்திருக்கேன். அப்புறம் பையனை நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல்ல ப்ளஸ் ஒன் சேர்த்துட்டாங்க. நாமக்கல் ஹாஸ்டல்னா என்னன்னு உங்களுக்கே தெரியும், தனியா விளக்க வேணாம்.

பையன் போனதும் நாயைக் கட்டிப்போட்டாங்க. தண்ணித் தொட்டி பைப்ல ஒரு சங்கிலி, நாலு அடி இருக்கும். பகல்ல தொட்டியோட நிழல் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமா நகர்ந்து படுக்கும். மதியம் 12 மணிக்கு நிழலே இருக்காது. சாப்பாடு யாராவது மாடிக்குத் துணி காயப்போட வந்தா வரும். 2021 நவம்பர் மழை ஞாபகம் இருக்கா? ஊரே மிதந்துச்சே. அந்த ராத்திரி முழுக்க அவன் நின்னுட்டே இருந்தான். படுத்தா தண்ணி.

இங்க கொஞ்சம் சட்டம் பேசணும். ஏன்னா "போலீஸ்ல குடுத்து உள்ள தள்ளுங்க"ன்னு கமெண்ட் போடறது ரொம்ப ஈஸி. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல வந்தது. அதோட 11-வது பிரிவுல எல்லாமே இருக்கு. அளவுக்கு மீறிக் கட்டிப்போடறது குற்றம். எப்பவும் கட்டியே இருக்கற நாயை நடக்கக் கூட்டிட்டுப் போகாம இருக்கறது குற்றம். போதுமான சாப்பாடு, தண்ணி, தங்க இடம் தராம இருக்கறதும் குற்றம். முதல் தடவை மாட்டினா அபராதம் 10 ரூபாயிலேருந்து 50 ரூபாய். தப்பா கேக்கல, அம்பதே ரூபாய்தான். ஒரு டீயும் ரெண்டு வடையும். (சிரிப்பு) இன்னொரு பக்கம், சட்டத்தோட கண்ணுல நாய் ஒரு சொத்து. ராத்திரி சுவர் ஏறிக் குதிச்சு நாயைத் தூக்கிட்டு வந்தா அது திருட்டு. இன்ஸ்டால ஹீரோவா தெரியலாம், ஸ்டேஷன்ல தெரிய மாட்டீங்க.

அதனால பேசித்தான் வாங்கணும். என்னைக் கேட்டா இந்த மீட்பு வேலையில முக்காவாசி, நாயோட சம்பந்தமே இல்லாத பேச்சுவார்த்தை. இதுல ஹீரோ எங்க அம்மா. எனக்கு நாய்னா உயிர், அம்மாவுக்கு நாய்னா கொஞ்சம் அருவருப்பு. ஆனா மழை நின்ன மறுநாள், ஒரு டப்பால முறுக்கு எடுத்துட்டு அந்த வீட்டுக்குப் போனாங்க. நாயைப் பத்தி முதல் நாள் ஒரு வார்த்தை பேசல. ரெண்டாவது தடவை போனப்போ அந்த ஆன்ட்டியே ஆரம்பிச்சாங்களாம். "என்னக்கா பண்றது, பையன் வாங்கிட்டுப் போய்ட்டான். அவருக்கும் முடியல, எனக்கும் மூட்டு வலி. கூப்பிட்டாலும் வராது. ஆள் வந்தாலும் எந்திரிக்காது. காவலுக்கும் லாயக்கில்ல." எங்கம்மா, "என் பொண்ணு கொஞ்ச நாள் பாத்துக்கட்டுமா?"ன்னு கேட்டாங்க. அந்த அங்கிள் மட்டும் முறைச்சார். காசு போட்டு வாங்கின நாய், எதுக்கு சும்மா குடுக்கணும்னு. கடைசியில ஆன்ட்டிதான் கையெழுத்துப் போட வெச்சாங்க. ஆமா, எழுதி வாங்கினோம். "இந்த நாயை என் சம்மதத்தோட ஒப்படைக்கிறேன், இனி உரிமை கோர மாட்டேன்"னு ஒரு வெள்ளைப் பேப்பர்ல, தேதி போட்டு. யாராவது இந்த வேலையில இறங்கறதா இருந்தா அந்தப் பேப்பரை மட்டும் விட்டுடாதீங்க. நாய் கொழுகொழுன்னு ஆனதும் திரும்பக் கேக்க வர்றவங்க உண்டு.

மாடியிலேருந்து கீழ கொண்டு வர்றதுக்கு நான் அவனைத் தூக்கினேன். ஒரு ராஜபாளையத்தை என்னால தூக்க முடிஞ்சுது. அப்பவே புரிஞ்சுது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனோம், ரெண்டு ஆட்டோ நிக்கல, மூணாவது அண்ணன் சீட்டுல போடறதுக்கு அவரே ஒரு சாக்கு எடுத்துக் குடுத்தார். எடை 14 கிலோ. இவன் உயரத்துக்கு 25 கிலோவாவது இருக்கணும்னு டாக்டர் சொன்னாங்க. உடம்பு முழுக்க சொறி. உண்ணிக் காய்ச்சல். ரத்தம் ரொம்பக் கம்மி. கழுத்துல பட்டை உரசி உரசி ஒரு வளையம் மாதிரி புண்ணு, அதுல புழு.

டாக்டர் சொன்ன முதல் அட்வைஸ் எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. "பாவம்னு வயிறு நிறையப் போட்டுடாதீங்க." பட்டினி கிடந்த உடம்புக்குள்ள திடீர்னு நிறைய சாப்பாடு போனா, ரத்தத்துல பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் சரசரன்னு இறங்கும், இதயமே நின்னுடலாம். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சப்போ, பட்டினியிலேருந்து மீட்ட மனுஷங்க சிலர் சாப்பிட ஆரம்பிச்சதும் செத்துப்போனாங்க. அப்போதான் டாக்டருங்க இதைக் கவனிச்சு எழுத ஆரம்பிச்சாங்க. அதனால எங்க வீட்ல ஒரு நாளைக்கு ஆறு தடவை, கைப்பிடி கைப்பிடியா சாப்பாடு. அவன் தட்டை நக்கிட்டு நம்மளையே பாப்பான். அந்தப் பார்வையைத் தாங்கிட்டு தட்டை எடுத்துட்டுப் போறது இருக்கே, அதான் கஷ்டம். உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் 28 நாள். அம்மா காலண்டர்ல பால் கணக்கு மாதிரி டிக் போட்டாங்க. அருவருப்பு எங்க போச்சுன்னு நான் கேக்கல.

பத்தாவது நாளோ என்னவோ, சமையல்கட்டு வாசல்ல அவன் தூங்கிட்டு இருந்தான். அம்மா கையிலேருந்து தாம்பாளம் நழுவி டமால்னு விழுந்துச்சு. நான் உள் ரூம்லேருந்து ஓடி வரேன். அவன் காது கூட அசையல. அம்மா அவனைப் பாத்துட்டு, என்னைப் பாத்துட்டு, "அடியே, இவனுக்குக் காது கேக்கல டி"ன்னாங்க.

இது ராஜபாளையத்துல அடிக்கடி இருக்கற விஷயம்தான். நிறமி தர்ற செல்கள் தோலுக்கு மட்டும் இல்ல, உள்காதுக்கும் வேணும். முழு வெள்ளை நாய்ங்கள்ல சிலதுக்கு உள்காதுல அந்த செல்கள் இருக்காது, பிறந்து சில வாரத்துலயே காது போய்டும். ஆக, அந்த வீட்ல ஒரு வருஷத்துக்கு மேல "டைகர், டைகர்"னு கூப்பிட்டிருக்காங்க. அவன் ஒரு தடவை கூடக் கேட்டதில்ல. கூப்பிட்டு வராத நாய்க்கு திமிர்னு பேர் வெச்சுட்டாங்க. காவல் காக்காத நாய்க்கு சோறு எதுக்குன்னு ஆயிடுச்சு. அவங்களை நான் நியாயப்படுத்தல. காது கேக்கற நாயையும் அந்தச் சங்கிலியில கட்டக்கூடாது.

காது கேக்காத நாயோட வாழறது நீங்க நினைக்கற அளவு கஷ்டம் இல்ல. தூங்கறப்போ பின்னாடி போய்த் தொடக்கூடாது, பதறிக் கடிச்சுடும். மூக்குக்கிட்ட கையைக் காட்டினா வாசனையில எந்திரிக்கும். தரையில காலைத் தட்டினா அதிர்வு போய்ச் சேரும். வெளிய லீஷ் இல்லாம விடவே கூடாது, ஹாரன் கேக்காதே. மத்தபடி எல்லாம் கைதான். உள்ளங்கையைக் காட்டினா "இரு". விரலை உள்பக்கமா மடக்கினா "வா". நெஞ்சுல ரெண்டு தட்டு தட்டினா, அது அவன் பேர். பேர்னு ஒண்ணு வேணும் இல்ல? நாங்க வாயால வெள்ளையான்னுதான் கூப்பிட்டோம், அது எங்களுக்காக. அவனுக்கு அந்த ரெண்டு தட்டுதான் பேர். மூணு வாரத்துல கத்துக்கிட்டான். கத்துக்கிட்டதுக்கு அப்புறம் நம்ம கையையே பாத்துட்டு இருப்பான். நீங்க போன் பேசிட்டே கையை ஆட்டினாலும் ஏதோ சொல்றீங்கன்னு எந்திரிச்சு வருவான்.

சரி, ஏன் நானே வெச்சுக்கல? வீட்டு ஓனர். கொஞ்ச நாள்னு சொல்லி மூணு தடவை நீட்டிச்சாச்சு. அம்மா அப்பாவுக்கு ரெண்டு மாடி ஏறி இறங்கி இவ்வளவு பெரிய நாயை நடத்த முடியாது. நான் காலையில எட்டு மணிக்குப் போனா ராத்திரி எட்டு மணி. ஓடறதுக்குன்னே பொறந்த நாய், ரெண்டு பெட்ரூம் வீட்ல. இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல.

போட்டோ போட்டதும் போன் வந்துச்சு பாருங்க. "ஒரிஜினலா?" "பேப்பர் இருக்கா?" "மேட்டிங்குக்குக் கிடைக்குமா?" அதுக்குத்தான் முதல்லயே கு.க. ஆபரேஷன் பண்ணிட்டோம். செவிட்டுத்தன்மை குட்டிகளுக்கும் போகும். பண்ணியாச்சுன்னு சொன்னதும் பாதிப் பேர் போனை வெச்சுட்டாங்க. நல்ல வடிகட்டி.

கடைசியா செங்கல்பட்டு பக்கத்துலேருந்து ஒருத்தர் கூப்பிட்டார். போக்குவரத்துக் கழகத்துல டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவரும் மாமியும் மட்டும், பெரிய காம்பவுண்டு, ரெண்டு மாமரம். காது கேக்காதுன்னு நான் இழுத்துச் சொன்னேன். "முப்பது வருஷம் இன்ஜின் பக்கத்துல உக்காந்தவன்ம்மா நான். எனக்கே ஒரு பக்கம் கேக்காது. ரெண்டு பேருக்கும் சரியா போய்டும்"னார். வீட்டைப் போய்ப் பாத்தோம். ஒரு சனி ஞாயிறு விட்டுப் பாத்தோம். கை சைகை எல்லாம் வீடியோ எடுத்து அனுப்பினேன், மாமி அதை நோட்டுல படம் வரைஞ்சு ஃப்ரிட்ஜ்ல ஒட்டினாங்க.

2022 ஜூன்ல விட்டுட்டு வந்தோம். கிளம்பறப்போ எப்படிக் கிளம்பறதுன்னு முன்னாடியே பேசி வெச்சிருந்தோம். நான் கேட்டுக்கிட்ட நின்னு உள்ளங்கையைக் காட்டினேன், "இரு". அவன் உக்காந்தான். அப்புறம் அவனுக்குப் பின்னாடி இருந்த மாமா சுத்தி முன்னாடி வந்து, விரலை மடக்கி "வா"ன்னார். அவன் என் கையைப் பாத்தான், அவர் கையைப் பாத்தான். எந்திரிச்சு அவர்கிட்ட போனான். அவ்வளவுதான். நல்லா நடந்த ஒப்படைப்புன்னா அது எப்படி இருக்கும்னு யாராவது கேட்டா நான் அதைத்தான் சொல்வேன். ட்ரெயின்ல தாம்பரம் வர்ற வரைக்கும் அம்மாவும் நானும் பேசிக்கல.

அதுக்கப்புறம் வாட்ஸ்அப்ல வாழ்ந்தான். அந்த வருஷ தீபாவளிக்கு மாமா ஒரு வீடியோ அனுப்பினார். தெருவெல்லாம் சரவெடி, பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில. இவன் திண்ணையில மல்லாக்க, நாலு காலையும் தூக்கிட்டு, குறட்டை.

2024 செப்டம்பர்ல நொண்டறான்னு சொன்னாங்க. முன்னங்கால், மணிக்கட்டுக்கு மேல கொஞ்சம் வீக்கம். சுளுக்குன்னுதான் எல்லாரும் நினைச்சோம். எக்ஸ்ரே எடுத்தாங்க. எலும்புப் புற்றுநோய். பெரிய சைஸ் நாய்ங்களுக்கு வர்றது, வழக்கமா ஏழெட்டு வயசுக்கு மேல, சில சமயம் முன்னாடியும். இவனுக்கு நாலு. காலை எடுத்துடலாமான்னு மாமா கேட்டார். நெஞ்சு எக்ஸ்ரேல நுரையீரலுக்கும் போயிருந்துச்சு. வலி மாத்திரை, முடிஞ்ச வரைக்கும் நல்ல நாட்கள், அப்புறம் ஊசி. டாக்டர் அதை ஒளிக்காம சொன்னார்.

அக்டோபர்ல ஒரு புதன்கிழமை மாமா கூப்பிட்டார். "முடிவு நாங்க எடுத்துட்டோம்மா. நீ வந்தா அவனுக்கு நல்லாருக்கும்." அப்புறம் கொஞ்சம் விட்டு, "எங்களுக்கும்"னார். நான் பரங்கிமலையில ட்ரெயின் ஏறினேன்.

ஊசின்னா என்னன்னு பயப்படறவங்களுக்காகச் சொல்றேன். முதல்ல மயக்கத்துக்கு ஒண்ணு போடுவாங்க. ஆழமா தூங்கினதுக்கு அப்புறம்தான் ரெண்டாவது, அது அளவுக்கு அதிகமான மயக்க மருந்து. கண்ணு மூடாது, திறந்தேதான் இருக்கும். முன்னாடியே தெரிஞ்சா அதிர்ச்சி கம்மி. மாமரத்தடியில அவனோட பாய்ல வெச்சே பண்ணாங்க. முதல் ஊசி போட்டு கண்ணு சொருகற நேரத்துல மாமா அவன் முன்னாடி குந்தி உக்காந்து, நெஞ்சுல ரெண்டு தட்டு தட்டினார். அவன் வால் ஒரு தடவை அசைஞ்சுது. நான் பின்னாடி, மாமி பக்கத்துல நின்னுட்டு இருந்தேன். அவனுக்கு என்னைத் தெரிஞ்சுதான்னு தெரியல. வந்ததும் மோந்து பாத்தான், அவ்வளவுதான். நாலு அடிக்கு மேல ஆழமா குழி வெட்டி, உப்பு கொட்டிப் புதைச்சோம்.

மறுநாள் ஆபீஸ் போகல. லீவுக்குக் காரணம் "ஃபேமிலி எமர்ஜென்சி"ன்னு போட்டேன். திங்கட்கிழமை கூட வேலை செய்யற பொண்ணு, நல்ல பொண்ணுதான், "ஆனா அது உன் நாய் இல்லையே?"ன்னு கேட்டா. நக்கலா கேக்கல, நிஜமாவே புரியாமத்தான் கேட்டா.

கென்னத் டோக்கான்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1989-ல ஒரு புத்தகம் கொண்டு வந்தார். சமூகம் அங்கீகரிக்காத துக்கத்தைப் பத்தி. யார் அழலாம், எவ்வளவு நாள் அழலாம்னு ஊருக்கு எழுதாத விதி இருக்கு, அதுக்கு வெளிய நிக்கறவங்க துக்கத்தை யாரும் விசாரிக்க மாட்டாங்கன்னு சொல்றார். முன்னாள் மனைவி, கலைஞ்ச கரு, செல்லப் பிராணி எல்லாம் அதுல வரும். நம்ம ஊர்ல இது இன்னும் தெளிவா தெரியும். ஒரு சாவுன்னா பத்து நாள், பதினாறு நாள், யார் வரணும், என்ன சமைக்கணும்னு எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. நாய்க்கு ஒரு கணக்கும் இல்ல. தருமர் நாயை விட்டுட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன்னு சொன்ன கதையை மட்டும் பெருமையா சொல்லுவோம். வளர்த்தவங்களுக்கே துக்கம் கேக்க ஆள் இல்லாதப்போ, நடுவுல ஏழு மாசம் வெச்சிருந்த எனக்கு எங்கேருந்து வரும்?

ஆனா மாமா வீட்டுக்கு நான் துக்கம் கேக்கத்தான் போனேன். ஒரு வாரம் கழிச்சு, அம்மாவோட, பழம் வாங்கிட்டு. அம்மாதான் வெறுங்கையோட போகக்கூடாதுன்னாங்க. நாலு பேரும் உக்காந்து பேசினோம். மாமா இன்னும் தரையில காலைத் தட்டிட்டுத்தான் ரூமுக்குள்ள வரார், பழக்கம். எங்க வீட்லயும் அப்படித்தான், அம்மா என்னை சாப்பிடக் கூப்பிட்டா விரலை மடக்கித்தான் கூப்பிடறாங்க. (சிரிப்பு) பேசப் பேச எனக்கு ஒண்ணு தெரிஞ்சுது. முதல் மாசத்துக் கதை அவங்களுக்குத் தெரியாது. 14 கிலோ, ஆறு வேளை சாப்பாடு, தாம்பாளம் விழுந்தது, இதெல்லாம். ரெண்டு வருஷக் கதை எங்களுக்குத் தெரியாது. மாம்பழத்தைக் கொட்டையோட தூக்கிட்டு ஓடுவானாம். ரெண்டு பக்கமும் சேர்த்தாத்தான் ஒரு முழு நாய் வந்துச்சு. மாமி அழுதுட்டே, "இன்னும் சொல்லும்மா"ன்னாங்க.

இன்னொண்ணு இருக்கு, சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன். அந்தப் பையன், நாமக்கல் ஹாஸ்டல் பையன், இப்போ கோயம்புத்தூர்ல காலேஜ் படிக்கறான். அவங்கம்மா எங்கம்மாகிட்ட விஷயம் கேட்டு அவன்கிட்ட சொல்லியிருக்காங்க. ராத்திரி பதினொண்ணு மணிக்கு எனக்கு மெசேஜ். "அக்கா, டைகர் போட்டோ இருந்தா அனுப்புவீங்களா?" அஞ்சு நிமிஷம் போனையே பாத்துட்டு இருந்தேன். கோவம் வந்துச்சு. அந்த மாடி, அந்த மழை. அப்புறம் கணக்குப் போட்டுப் பாத்தா, நாயைக் கட்டினப்போ அவனுக்கு பதினஞ்சு வயசு. அவனைக் கேட்டு யாரும் ஹாஸ்டல்ல சேர்க்கல.

நாலு போட்டோ அனுப்பினேன். தீபாவளி வீடியோவும். "காது கேக்காதுன்னு அம்மா இப்போதான்க்கா சொன்னாங்க. எனக்குத் தெரியாது. அப்போ நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?"ன்னு கேட்டான். டைப் பண்ணிப் பாத்தேன், சரியா வரல. கேமராவை ஆன் பண்ணி, நெஞ்சுல ரெண்டு தட்டு தட்டி அனுப்பினேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. பதில் வரல, நானும் கேக்கல.

அடுத்த வாரம் வாடகை வீட்ல நாய், பூனை வெச்சுக்கறதுக்கு ஓனர்கிட்ட எப்படிப் பேசறதுன்னு பாக்கலாம். உங்க ஓனர் கதைகளை அனுப்புங்க, பேர் சொல்ல மாட்டேன். வரேன் மக்களே.